யூதத் திருமணத்தைக் கேண்டிட் முறையில் படமெடுப்பது: முழுமையான வழிகாட்டி

கல்யாணப் படமெடுப்பில் நல்ல அனுபவம் உள்ளவர்கள்கூட முதல் யூதத் திருமணத்தில் திணறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். கேமரா கையாளத் தெரியாததால் அல்ல. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததால். ஒரு சடங்கு தொடங்கிய பிறகு அதை நோக்கி ஓடுகிறார்கள். போய்ச் சேர்வதற்குள் உறவினர்களின் முதுகு மட்டும்தான் மிச்சம் இருக்கிறது.

கேண்டிட் என்றால் யாரையும் நிற்கவைக்காமல், நடப்பதை நடக்கும்போதே எடுப்பது. அதில் "இன்னொரு தடவை செய்யுங்கள்" என்று கேட்க முடியாது. அதனால் ஒவ்வொரு நிகழ்வுக்கும் முன்பே அது நடக்கப்போகும் இடத்தில் நீங்கள் நின்றிருக்க வேண்டும். கீழே உள்ள வரிசை முழுவதும் அந்த ஒரு காரணத்துக்காகத்தான். லண்டன் திருமணங்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நியூயார்க்கிலோ டொராண்டோவிலோ எடுத்தாலும் சடங்குகளின் அடுக்கு பெரும்பாலும் இதுவே.

1. முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: திருமணத்தை நடத்திவைக்கும் ரப்பி, அதாவது யூத மதகுரு, எந்தப் பிரிவைச் சேர்ந்தவர்? மரபைக் கறாராகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸா, இடைநிலையான மசோர்த்தியா, தளர்வான ரிஃபார்மா? பாதி விவரம் இந்த ஒரு பதிலில் வந்துவிடும். ஆர்த்தடாக்ஸ் திருமணத்தில் மணமகன் மட்டுமே மோதிரம் அணிவிப்பார். ஆண்களும் பெண்களும் தனித்தனியாக ஆடலாம். மணமக்கள் சடங்குக்கு முன் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கலாம். ரிஃபார்ம் திருமணத்தில் இரண்டு மோதிரங்கள் இருக்கும், மணமகளும் உறுதிமொழி சொல்வார், ரப்பி பெண்ணாகவும் இருக்கலாம்.

இரண்டாவது கேள்வி: குடும்பம் மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசியா, ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செஃபார்டியா? மணமகள் மணமகனைச் சுற்றிவருவதும், மணமகன் மணமகளின் முகத்திரையை இறக்கிவிடுவதும், சடங்கு முடிந்ததும் இருவரும் தனியறைக்குப் போவதும் அஷ்கெனாசி வழக்கங்கள். செஃபார்டி குடும்பங்கள் பலவற்றில் இவை இருக்காது. பதிலுக்கு, சில நாட்களுக்கு முன் மருதாணி விழா இருக்கலாம்.

மூன்றாவது, குடும்பத்தின் உள்விவரம். ஹுப்பா எனப்படும் மணப்பந்தலின் மேல்துணி சில வீடுகளில் தாத்தாவின் தாலித்தாக, அதாவது அவர் தொழுகையில் போர்த்திய துணியாக இருக்கும். இது முன்பே தெரிந்தால் அந்தத் துணியின் மூலைக் குஞ்சங்களை வெளிச்சத்துக்கு எதிராக வைத்து ஒரு படம் எடுத்துவைப்பீர்கள். தெரியாவிட்டால் அது உங்களுக்கு வெறும் வெள்ளைத் துணி.

இதற்குப் பிறகு ரப்பியிடம் நேரடியாகப் பேசுங்கள். எங்கே நிற்கலாம், ஆசிகளின்போது பிளாஷ் போடலாமா என்பதை மணமக்கள் ஊகித்துத்தான் சொல்வார்கள். முடிவு ரப்பியுடையது.

2. நாளும் பொழுதும்

வெள்ளி சூரிய அஸ்தமனம் முதல் சனி இருட்டும்வரை ஷப்பாத், அதாவது யூதர்களின் வார ஓய்வு நாள். அப்போது திருமணம் கிடையாது. கடைப்பிடிக்கும் குடும்பங்களில் கேமராவும் கூடாது. சனிக்கிழமை காலை ஜெப ஆலயத்தில் மணமகனைத் தோரா என்ற வேதத்தை வாசிக்க அழைக்கும் நிகழ்ச்சிக்கு உங்களை அன்போடு கூப்பிடுவார்கள். போங்கள், ஆனால் பை வீட்டில் இருக்கட்டும்.

சனி இரவுத் திருமணம் குளிர்காலத்தில்தான் சாத்தியம். ஜூன் மாத லண்டனில் ஷப்பாத் முடியவே இரவு பத்து மணிக்கு மேலாகிவிடும். பெரும்பாலான திருமணங்கள் ஞாயிறு அல்லது வார நாட்களில் வருவது இதனால்தான். டிசம்பர் ஞாயிறு என்றால் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மூன்றரை மணி ஹுப்பா கால் மணி நேரம் தாமதமானால் இயற்கை வெளிச்சம் போய்விட்டது என்று அர்த்தம். தாமதமாகும் என்று வைத்துக்கொண்டே விளக்குகளைத் திட்டமிடுங்கள்.

இங்கிலாந்தின் 1949 திருமணச் சட்டம் யூதத் திருமணங்களை எந்தக் கட்டடத்தோடும் கட்டிப்போடவில்லை. ஜெப ஆலயம், ஹோட்டல், வீட்டுத் தோட்டம், எங்கும் நடக்கலாம். ஆகவே இடத்தைப் போய்ப் பார்க்காமல் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். சடங்கு நடக்கும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். காலை பதினோரு மணிக்குப் பார்த்த தோட்டம் மாலையில் வேறு தோட்டம்.

3. உடையும் ஒழுக்கமும்

ஆண் என்றால் கிப்பா, அதாவது தலையை மூடும் சிறு தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். வாசலில் கொடுப்பார்கள், வேலையில் குனிந்து நிமிர்வதால் கிளிப் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பெண் என்றால் தோளும் முழங்காலும் மறையும் உடை.

ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களில் எதிர்பாலினத்தவரிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள். முகத்திரையைச் சரிசெய்ய மணமகளைத் தொடாதீர்கள். அவர் தோழியிடம் சொல்லுங்கள். வெளியிலிருந்து உணவு எதையும், யூத உணவு விதிகளைப் பின்பற்றும் கோஷர் மண்டபத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, பையில் கிடக்கும் பிஸ்கட் பாக்கெட் உட்பட. உங்கள் சாப்பாட்டை அங்கேயே ஏற்பாடு செய்யச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

4. கருவிகள்

இரண்டு கேமரா உடல்கள், ஒன்றில் 35 மி.மீ., மற்றொன்றில் 85 மி.மீ. ஆட்டத்துக்கு 20 மி.மீ. அளவில் ஓர் அகல லென்ஸ். இரண்டு கார்டுகளிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க இந்தத் திருமணத்தில் நேரம் கிடைக்காது.

சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் ஹுப்பாவில் பெரிய வரம். ஆனால் எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் பட்டைபட்டையாகக் கோடு விழும். இங்கிலாந்தில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 1/50 அல்லது 1/100 வேகம் பாதுகாப்பானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 60 ஹெர்ட்ஸ், அங்கே 1/60 அல்லது 1/125. மங்கலாக்கும் வசதியுள்ள மேடை விளக்குகள் இந்தக் கணக்குக்குள் அடங்காது. மண்டபத்தில் அவற்றைப் போடச்சொல்லி நாலு படம் எடுத்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

முகம் கண்டுபிடிக்கும் தானியங்கி ஃபோகஸ் நெரிசலில் காலை வாரும். மணமகளை விட்டு அவர் தோளுக்குப் பின்னால் இருக்கும் சித்தப்பாவுக்குத் தாவிவிடும். கூட்டம் நெருங்கும் இடங்களில் ஒற்றைப் புள்ளிக்கு மாற்றிக்கொள்ளும்படி ஒரு பொத்தானை ஒதுக்கிவையுங்கள்.

இரண்டாவது படக்கலைஞர் கட்டாயம். ஆண்களும் பெண்களும் தனியாக ஆடும் திருமணம் என்றால் இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். நடுவில் மெஹிட்சா என்ற தடுப்பு நிற்கும். ஆண் படக்கலைஞர் மறுபக்கம் போய் நிற்பது அங்குள்ள பெண்களின் ஆட்டத்தையே கட்டிப்போட்டுவிடும்.

5. குடும்பக் குழுப் படங்கள்

கேண்டிட் என்று ஒப்புக்கொண்டாலும் குழுப் படம் கேட்பார்கள், கேட்பதும் நியாயம். முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும் ஜோடி என்றால் எல்லாவற்றையும் ஹுப்பாவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பார்க்காத ஜோடி என்றால் பெண் வீட்டாரை ஓர் அறையில், மாப்பிள்ளை வீட்டாரை வேறு அறையில் தனித்தனியாக எடுத்து, சேர்ந்த படங்களை மட்டும் பிறகுக்கு வையுங்கள். இரு பக்க முகங்களும் தெரிந்த ஓர் உறவினரைப் பெயர் கூப்பிட வையுங்கள். உங்கள் குரலுக்கு வராத மாமா அவர் குரலுக்கு வருவார்.

6. டிஷ், கெத்துபா

மணமகன் தன் நண்பர்களோடு மேசையைச் சுற்றி உட்காருவது டிஷ். அவர் தோராவிலிருந்து ஏதாவது பேசத் தொடங்குவார். நண்பர்கள் பாட்டுப் பாடி மேசையைத் தட்டி இடையில் நிறுத்துவார்கள். பேச்சை முடிக்க விடாமல் செய்வதுதான் வழக்கமே. மணமகனையே குறிவைத்து நிற்காதீர்கள். மேசையின் மறுமுனையிலிருந்து, தட்டும் கைகள் முன்னாலும் அவர் முகம் பின்னாலும் வரும்படி எடுங்கள்.

கெத்துபா என்பது திருமண ஒப்பந்தம். மரபான உரை அராமிக் மொழியில் இருக்கும். மணமக்களுக்கு உறவில்லாத இரண்டு சாட்சிகள் கையெழுத்திடுவார்கள். நவீனத் திருமணங்களில் மணமக்களும் இடுவதுண்டு. கையெழுத்து தொடங்கியதும் எல்லாரும் குனிவார்கள். கையெழுத்திடுபவருக்கு எதிர்ப்பக்கம் முன்பே போய் நின்று, கேமராவைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். முடிந்ததும் "ஒரு குளோஸ்அப்" என்று தாளைக் கையில் எடுக்காதீர்கள். மை காய்ந்திருக்காது, சட்ட ஆவணத்தில் கறை பட்டால் அதைத் திருத்திக்கொள்ள வழியில்லை.

சில குடும்பங்களில் இரண்டு தாய்மாரும் சேர்ந்து ஒரு தட்டை உடைப்பார்கள். துணியில் சுற்றியிருப்பதால் தட்டு தெரியாது. இரண்டு பேரின் முகமும் ஒரே சட்டகத்தில் வந்தால் போதும்.

7. பெதெக்கன்: கூட்டத்துக்கு முன்னால் போய் நில்லுங்கள்

புதியவர்கள் அதிகமாகத் தவறவிடுவது இதைத்தான். மணமகள் நாற்காலியில் தாயோடும் பாட்டியோடும் உட்கார்ந்திருப்பார். மணமகனை நண்பர்கள் பாடி ஆடி அவரிடம் அழைத்துவருவார்கள். மணமகன் வந்து, மணமகளின் முகத்தைப் பார்த்து, முகத்திரையை இறக்கிவிடுவார். முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம். ஒரு வாரமாகப் பார்த்துக்கொள்ளாத ஜோடி என்றால் அந்த முதல் பார்வையும் இங்கேதான்.

ஊர்வலத்தோடு சேர்ந்து வந்தால் மணமகனின் பின்மண்டைதான் கிடைக்கும். இரண்டாவது படக்கலைஞர் ஊர்வலத்தின் முன்னால் பின்நோக்கி நடந்து எடுக்கட்டும். நீங்கள் இசை கேட்பதற்கு முன்பே மணமகளின் நாற்காலியை ஒட்டி, தோளுக்குச் சற்றுப் பின்னால் நின்றுவிடுங்கள். 35 மி.மீ. போதும். மணமகன் நெருங்கும் முகம் முதலில், திரை இறங்கும் நொடி இரண்டாவது; பிறகு அப்படியே பக்கவாட்டில் திரும்பி மணமகளின் தந்தையை எடுங்கள். அவர் மகளின் தலையில் கைவைத்து ஆசி சொல்லும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. எல்லாரும் கலைகிறார்கள் என்று நகர்ந்தவர்கள் அதை இழந்திருக்கிறார்கள்.

8. ஹுப்பா

பந்தலின் நான்கு கால்களும் தொங்கும் பூக்களும்தான் முதல் எதிரி. சடங்குக்கு முன் உங்கள் துணையாளை உள்ளே நிறுத்தி, எங்கிருந்து பார்த்தால் முகம் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்கள் உங்களுக்கு வேண்டும்: நடைபாதையின் நடுவில் தாழ்வாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பந்தலுக்குப் பின்மூலையில், மணமக்களின் ஊடே விருந்தினரைப் பார்க்கும்படி ஒன்று. வீடியோ எடுப்பவரோடு இதை முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

பந்தலுக்குள் இருட்டாகவும் பின்னணி பளிச்சென்றும் இருக்கும். எக்ஸ்போஷரை மேனுவலில் முகத்துக்கு வைத்துப் பூட்டுங்கள். மேல்துணி நீலமாகவோ சிவப்பாகவோ இருந்தால் அந்த நிறம் எல்லார் நெற்றியிலும் இறங்கும். ஒயிட் பேலன்ஸையும் பந்தலுக்குள்ளேயே அளந்து பூட்டிவிடுங்கள்.

ஊர்வலம். பெற்றோர் இருவரும் சேர்ந்து பிள்ளையை அழைத்துவருவது வழக்கம். அஷ்கெனாசி மணமகன் கிட்டெல் என்ற வெள்ளை அங்கி அணிந்திருக்கலாம். நடந்துவருபவரை எடுத்ததும் ஒருமுறை திரும்பி, பந்தலில் காத்திருப்பவரையும் எடுங்கள்.

சுற்றிவருதல். மணமகள் மணமகனை ஏழு முறை சுற்றுவார். சில ஊர்களில் மூன்று முறை. இன்றைய ஜோடிகள் சிலர் ஆளுக்கு மூன்று சுற்றி ஏழாவதைச் சேர்ந்து சுற்றுகிறார்கள். இந்தத் திருமணத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் ஒரே செயல் இதுதான். சுற்றுகளை முன்பே பங்கிட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டில் பத்திரமான முழுப் படம். மூன்றாவதில் மணமகனின் முகம் மட்டும், மணமகள் முன்னால் மங்கலாகக் கடந்துபோகட்டும். நாலாவதில் பின்னாலேயே ஆடையின் வாலைத் தூக்கிக்கொண்டு சுற்றும் தாய்மார். அடுத்தது பாதங்கள். கடைசி இரண்டுக்கு இடம் மாறிப் பின்மூலைக்குப் போங்கள். அடுத்த நிகழ்வுக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டியிருக்கலாம்.

முதல் கிண்ணம். ரப்பி திராட்சை மதுவின் மேல் ஆசி சொல்வார். மணமகளுக்குக் குடிக்கக் கொடுக்கும்போது தாய் முகத்திரையைச் சற்றுத் தூக்கிப் பிடிப்பார். அந்தக் கைக்காகக் காத்திருங்கள்.

மோதிரம். கல் பதிக்காத எளிய வளையம்; வலது கையின் ஆள்காட்டி விரலில் போடுவார்கள். இடது கை மோதிர விரலையே பார்த்துக்கொண்டிருக்கும் படக்கலைஞருக்கு நிகழ்ச்சி முடிந்ததே தெரியாது. சாட்சிகளும் மோதிரத்தைப் பார்க்க நெருங்கிவருவார்கள், இடைவெளி மேலும் அடைபடும்.

எந்தப் பக்கம் நிற்பது? பொதுவாக மணமகள் மணமகனின் வலப்பக்கம் நிற்பார். ஜோடி விருந்தினருக்கு முதுகைக் காட்டி நின்றால், இருவரும் எதிரெதிராகத் திரும்பும்போது மணமகளின் வலது கை ரப்பியின் பக்கம் போய்விடும். அப்போது பந்தலின் பின்மூலையிலிருந்துதான் மோதிரம் தெரியும். ஜோடி விருந்தினரைப் பார்த்து நின்றால் கை நடைபாதைப் பக்கம் வரும், முன்னாலிருந்தே எடுக்கலாம். எப்படி நிற்கப்போகிறார்கள் என்பதை ரப்பியிடம் அன்று காலையே கேட்டுவிடுங்கள்.

கெத்துபா வாசிப்பு. மரபான உரையை முழுக்க வாசித்தால் சில நிமிடங்கள் ஆகும். புதியவர்கள் இங்கே கேமராவை இறக்கிவிடுகிறார்கள். எனக்கு இந்த நாளிலேயே பிடித்த நேரம் இது. மணமக்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. மெல்ல ஏதோ பேசிக்கொள்வார்கள், கைக்குட்டையால் நெற்றி துடைப்பார்கள், பதற்றம் வடிவது முகத்தில் தெரியும். 85 மி.மீ. போட்டு அசையாமல் நில்லுங்கள்.

ஏழு ஆசிகள். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஆளை அழைத்துக் கௌரவிப்பது உண்டு. சில ஆசிகள் வந்த வேகத்தில் முடியும். பட்டியலை முன்பே வாங்கி யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். எழுந்து வருபவரை ஒரு படம், பிறகு கூட்டத்தைப் பாருங்கள். தாத்தா பாட்டிகள் வாய்க்குள் சேர்ந்து சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

9. கண்ணாடி உடைதல்

நம் கல்யாணத்தில் "கெட்டிமேளம்" என்று ஒரு குரல் வரும், விரல் தயாராகிவிடும். இங்கே அப்படிக் கூப்பிட்டுச் சொல்ல ஆள் இல்லை. அடையாளங்களை நீங்களே கவனிக்க வேண்டும். எருசலேமை மறவேன் என்று சொல்லும் 137ஆம் சங்கீத வரிகளை ஓதுவதோ பாடுவதோ பல இடங்களில் இதற்குச் சற்று முன் நடக்கும். பிறகு யாரோ குனிந்து, துணியில் சுற்றிய கண்ணாடிக் கிண்ணத்தை மணமகனின் காலடியில் வைப்பார்; மணமகன் அதை மிதித்து உடைப்பார். குனியும் ஆளைப் பார்த்ததும் ஃபோகஸைப் பூட்டுங்கள்.

சுற்றியிருப்பதால் கண்ணாடி சிதறுவது படத்தில் வராது. உயர்ந்த காலும் அடுத்த நொடி முகங்களும்தான் படம். இருவர் இருந்தால் ஒருவர் காலுக்கு, ஒருவர் முகங்களுக்கு. தனியாக இருந்தால் நடைபாதையிலிருந்து முழு உருவமும் வரும்படி, ஷட்டர் 1/500, தொடர் படமாக. இங்கே எலெக்ட்ரானிக் ஷட்டரை விட்டுவிடுங்கள். "மஸல் டோவ்" என்ற வாழ்த்துக் கூச்சலில் யாருக்கும் உங்கள் சத்தம் கேட்காது.

உடனே பாட்டு தொடங்கும், நண்பர்கள் ஜோடிக்கு முன்னால் ஆடிக்கொண்டே நடைபாதையை அடைத்துக்கொண்டு வருவார்கள். பின்நோக்கி நடக்க உங்களுக்கு வழி வேண்டும். மூன்றடி முன்பே பின்வாங்கத் தொடங்குங்கள்.

10. யிஹுத்

சடங்கு முடிந்ததும் ஜோடி ஓர் அறைக்குள் தனியாக இருப்பார்கள். வெளியே சாட்சிகள் நிற்பார்கள். காலையிலிருந்து உபவாசம் இருந்தவர்கள் அங்கேதான் முதலில் சாப்பிடுவார்கள். கதவு மூடும்வரை எடுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே வரலாமா என்று கேட்கவே கேட்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும்: பேட்டரி, கார்டு மாற்றி, குழுப் படத்துக்கு ஆட்களைச் சேர்த்துவையுங்கள்.

11. ஹோரா

மணமக்களை மகிழ்விப்பது விருந்தினரின் கடமை என்பது யூத மரபு. அதனால் ஹோரா என்ற வளைய நடனம் வேடிக்கை பார்க்கும் ஆட்டம் இல்லை. மண்டபமே எழுந்து வளையமாகும். ஓரத்தில் நின்று நீண்ட லென்ஸில் எடுத்தால் முதுகுகளின் ஆல்பம்தான் கிடைக்கும். இசைக்குழுத் தலைவரிடம் முன்பே பேசி, எந்தப் பாட்டோடு ஜோடி நுழைகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வளையம் மூடுவதற்கு முன் உள்ளே போய்விடுங்கள்.

பிளாஷ்களை ஆடுகளத்தின் இரு எதிர்மூலைகளில் உயரமாக வையுங்கள். தரையில் நிற்கும் ஸ்டாண்டை ஆடுபவர்கள் தட்டிவிடுவார்கள். மாடி விளிம்பு, மேடைக் கம்பி போன்றவற்றில் கட்டுவது நல்லது. தொடக்கத்துக்கு எஃப் 4, 1/200, ஐஎஸ்ஓ 1600. கொஞ்சம் படம் சேர்ந்த பிறகு ஷட்டரை 1/20 வரை இறக்கிப் பாருங்கள்: பிளாஷில் முகம் நிற்கும், சுற்றிலும் வளையம் ஓடும். இதை முதலிலேயே செய்யாதீர்கள்; பாதி படங்கள் தேறாது.

பிறகு நாற்காலிகள். இருவரையும் நாற்காலியோடு தூக்குவார்கள், ஒரு கைக்குட்டையின் இரு முனைகளை இருவரும் பிடிப்பார்கள். இரண்டு நாற்காலிகளும் எதிரெதிராக வரும் கோட்டுக்குப் பக்கவாட்டில் நின்றால்தான் கைக்குட்டை சட்டகத்துக்குள் வரும். நாற்காலியின் பின்புறம் ஒருபோதும் நிற்காதீர்கள். சாய்ந்தால் உங்கள் மேல்தான். கேமரா வாரைக் குட்டையாகக் கட்டுங்கள். மேலே இருப்பவர்களை எடுத்ததும் கீழே பாருங்கள்: நாற்காலிக் காலைத் தோளில் தாங்கிப் பல்லைக் கடிக்கும் தம்பியின் முகம் அந்த வீட்டில் நெடுநாள் பேசப்படும்.

வளையம் தளர்ந்ததும் ஜோடியை உட்காரவைத்து நண்பர்கள் கூத்துக் காட்டுவார்கள். முதலில் ஜோடியின் தோளுக்குப் பின்னாலிருந்து ஆடுபவர்களை, பிறகு எதிர்ப்பக்கம் போய் ஜோடியின் சிரிப்பை. கடைசிப் பிள்ளைக்குத் திருமணம் என்றால் பெற்றோரை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி ஆடும் மெஸிங்கெ உண்டு. இது முதல் சந்திப்பிலேயே கேட்டிருக்க வேண்டியது.

12. விருந்துக்குப் பிறகு

பேச்சுகளை எல்லாரும் எடுப்பார்கள். சாப்பாட்டுக்குப் பின் நன்றி ஜெபம் சொல்லி, ஏழு ஆசிகளையும் மீண்டும் ஓதுவார்கள்; இரண்டு கிண்ண மதுவை ஒன்றாகக் கலந்து மணமக்களுக்குக் கொடுப்பார்கள். வேலை முடிந்தது என்று கருவிகளைக் கட்டிவைத்தவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. உங்கள் ஒப்பந்த நேரம் இதுவரை நீள்கிறதா என்று சரிபாருங்கள்.

13. தேர்வும் ஒப்படைப்பும்

அழகான ஒற்றைப் படங்களை மட்டும் பொறுக்காதீர்கள். பெதெக்கன், மோதிரம், கண்ணாடி ஆகியவற்றைத் தொடராக வையுங்கள், மூன்று நான்கு படங்கள் அடுத்தடுத்து. ஹோராவில் மட்டும் கறாராகக் கழியுங்கள்; ஒரே மாதிரி இருநூறு படங்கள் அந்த வேகத்தைக் கொன்றுவிடும்.

படத்தை இடவலமாகத் திருப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பின்னணியில் ஒரு ஹீப்ரு எழுத்து இருந்தாலும் இடம் வலமாக மாறிவிடும், வீட்டார் முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பார்கள். ஹீப்ரு வலமிருந்து இடமாகப் படிக்கும் மொழி. ஆல்பம் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அச்சுக்கு அனுப்பும் முன் கேளுங்கள்.

இணையத்தில் போடுவதற்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பெண்களின் படங்களை, குறிப்பாக ஆட்டப் படங்களை, வெளியிட விரும்பாத குடும்பங்கள் உண்டு. கெத்துபாவின் குளோஸ்அப்பில் முழுப் பெயர்களும் இருக்கும், அதையும் தனியாகக் கேளுங்கள். கடைப்பிடிக்கும் குடும்பம் என்றால் இணைப்பை வெள்ளி மாலை அனுப்பாதீர்கள். ஞாயிறு காலை அனுப்புங்கள், வீடே சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.